கடைசிப் பெயரிலிருந்து படிப்போம்

கணினியின் பொத்தானை அமுக்கியதும் விண்டோஸோ லினக்ஸோ நேராக வந்து நிற்பதில்லை. அதற்கு முன்பே, மதர்போர்டில் பதித்த ஒரு சின்னச் சிப்புக்குள் எழுதிவைத்த நிரல் விழித்துக்கொள்கிறது. நம் ஊர் சர்வீஸ் கடைகளில் அதைப் பயாஸ் என்பார்கள், பொதுப்பெயர் ஃபர்ம்வேர். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்து முடித்ததும் அது ஒரு பட்டியலைக் கையில் எடுக்கிறது. இயங்குதளத்தை எங்கிருந்து ஏற்றுவது? பென் டிரைவா, ஹார்டு டிஸ்க்கா, சிடியா, நெட்வொர்க்கா? பட்டியலில் முதலில் இருப்பதை முயன்று பார்க்கும். அது கைகொடுக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். இந்தப் பட்டியலுக்குத்தான் பூட் ஆர்டர் என்று பெயர். இந்த வரிசையை மாற்றும்படி ஒரு நிரலாளர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெரும்பாலும் அது ஒரு வரி மாற்றமாகவே இருக்கும். இரண்டு பெயர்கள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். சரிபார்ப்பவரின் கண்ணும் முதல் பெயரிலேயே நின்றுவிடும். எது மேலே வந்தது, எது கீழே போனது என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிடுவார். நான் சொல்லவருவது, பட்டியலைக் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும் என்பது. முதல் பெயர், எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளுக்கானது. அந்த நாளில் எந்த வரிசை வைத்தாலும் ஏதோ ஒன்று ஓடிவிடும். ஒன்றும் நடக்காத நாளில் அந்த மெஷின் யாரை நம்பி நிற்கும் என்பதைக் கடைசிப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

இதை வரலாற்றிலிருந்தே காட்டலாம். ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டில் வெளியிட்டபோது அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி டிரைவ்கூட விருப்பப்பட்டால் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொருள்தான். பூட் வரிசையில் இரண்டே படிகள் இருந்தன. ஃபிளாப்பி இருந்தால் அதன் முதல் 512 பைட்டை எடுத்து ஓட்டு. இல்லாவிட்டால் சிப்பிலேயே எழுதிவைத்திருக்கும் பேசிக் மொழிக்குப் போ. இந்த இரண்டாவது படியைக் கவனியுங்கள். ஃபிளாப்பி, டிஸ்க் எதுவும் இல்லாமல் ஒரு மாணவன் அந்தப் பெட்டியைத் திறந்தாலும் அது ஏதோ ஒரு வேலைக்கு ஆகும். கணக்குப் போடலாம், நிரல் எழுதலாம், டேப் ரெக்கார்டரில் சேமிக்கலாம். பட்டியலின் கடைசிப் பெயர் ஒரு முழு வசதியாகவே இருந்தது. பிறகு மற்ற நிறுவனங்கள் அதே மாதிரிக் கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கின. ஐபிஎம்மின் பேசிக் அவர்களிடம் இல்லை. அவர்களில் சிலர் பட்டியலின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடைசிப் படியில் மட்டும், ரோமில் பேசிக் இல்லை, இயக்கம் நிறுத்தப்பட்டது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகத்தை வைத்தார்கள். ரோம் என்பது படிக்க மட்டும் முடிகிற அந்தச் சிப். 1990களில் கணினி பழுது பார்த்தவர்கள் இந்த வாசகத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பார்கள். இங்கே பேசிக் எப்படி வந்தது என்றே புரியாது. முதல் பெயர் மாறவேயில்லை; கடைசிப் பெயர் மட்டும் மாறியது. பயன்படும் மெஷின் ஒன்று, நின்றுபோகும் மெஷினாகிவிட்டது.

முதல் பெயருக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு எதிரான சான்று கனமானது, அதையும் பார்த்துவிடுவோம். 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி வந்தபோது உள்ளே 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. ஆனாலும் ஃபிளாப்பிதான் முதலில், டிஸ்க் பிறகு என்ற பழைய வரிசை அப்படியே தொடர்ந்தது. அதற்கு நியாயமும் உண்டு. டிஸ்க் கெட்டுப்போனால் ஃபிளாப்பியைப் போட்டு மீட்கலாம். ஆனால் டிரைவில் மறந்து விட்டுவைத்த ஃபிளாப்பி எதுவானாலும் காலையில் முதலில் ஓடப்போவது அதுவே என்றும் ஆகிவிட்டது. 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெயின், 1992 மார்ச் 6 அன்று டிஸ்க்குகளை அழிக்கக் காத்திருந்த மைக்கலாஞ்சலோ ஆகிய பூட் செக்டர் வைரஸ்கள் பரவ வழிவிட்டது இந்த வரிசைதான். இயங்குதளமே இல்லாத, வெறும் கடிதங்கள் வைத்திருந்த ஃபிளாப்பியாக இருந்தாலும் போதும். இதில் இயங்குதளம் இல்லை, வேறு போடு என்று திரையில் செய்தி வருவதற்குள் மைக்கலாஞ்சலோ போன்ற வைரஸ் ஓடி ஹார்டு டிஸ்க்கில் ஏறி முடித்திருக்கும். அந்தச் செய்தியைக் காட்டுவதே ஃபிளாப்பியின் பூட் செக்டரான அந்த 512 பைட்டுக்குள் இருக்கும் நிரல்தானே. பயாஸ் செட்டப்பில் போய் வரிசையை டிஸ்க் முதலில் என்று மாற்றிவைத்தவர்களுக்கு, மறந்த ஃபிளாப்பியால் வரும் ஆபத்து அன்றோடு நீங்கியது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வாங்காமல், ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த பாதுகாப்பு அது.

ஆகவே உள்ளே இருக்கும் டிஸ்க்கை முதலில் வை, வெளியிலிருந்து வருவதை எல்லாம் வெட்டிவிடு, வேலை முடிந்தது என்று ஒருவர் வாதிடலாம். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். பாதி சரி. டிஸ்க்கை முதலில் வைப்பது ஒரு முடிவு, மற்றவற்றை வெட்டுவது இன்னொரு முடிவு. ஒரே பேட்சில், அதாவது ஒரே மாற்றத்தில், இரண்டும் சேர்ந்து வந்தால் சரிபார்ப்பவர் இரண்டாகப் பிரித்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். மீட்கும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். உபுண்டு லினக்ஸின் 17.10 வெளியீட்டில் இருந்த ஒரு டிரைவர், ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பைத் தொட்டு, லெனோவோ முதலான சில லேப்டாப்புகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் செய்துவிட்டது. பலருக்குப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யவும் முடியாமல் போனது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் பெயர் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளம் ஏற்றி மீட்கப் பார்த்தவர்களுக்கு, பென் டிரைவுக்குப் போகும் படி கெட்டிருந்தது. உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம் அந்தப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு 2018 ஜனவரியில் திருத்தி வெளியிட்டது.

நம் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க நான் கணினியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை என்றாலும், ஒரு தடவை வருகிறேன். குண்டாற்று வடிநிலத்தில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை, தொடராக இருக்கின்றன. மேல்கண்மாய் நிறைந்து, கலிங்கைத் தாண்டி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். கலிங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் மேல்கண்மாயில் ஒரு முழம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். அடைப்பவருக்கு அது சின்ன வேலை, அரை நாள் காரியம். மேல்கண்மாய் ஆயக்கட்டுக்காரர்களைக் கேட்டால் நல்ல யோசனை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் நல்ல மழை பெய்த வருஷத்தில் இந்த ஒரு முழம் யாருக்கும் உறைக்காது. எல்லாக் கண்மாயும் நிறைந்துவிடும். மழை பாதியில் நின்ற வருஷத்தில்தான் அதன் கணக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்க வேண்டியவர் தொடரின் கடைசிக் கண்மாய்க்குக் கீழே கரிசலில் விதைத்துவிட்டு நிற்பவர். மானாவாரிப் பூமியில் பிறந்த யாருக்கும் இது புதிதல்ல. பூட் வரிசையைத் திருத்தும் நிரலாளர் பெரும்பாலும் மேல்கண்மாய்க்காரர்; அவர் மேசையில் புதிய மெஷின், நல்ல மின்சாரம், கையெட்டும் தூரத்தில் மாற்று டிஸ்க். சரிபார்ப்பவர் மற்றவருக்காகக் கேட்க வேண்டும்.

இனி நிரலுக்குள் போவோம். பட்டியலின் கடைசி என்று நான் சொல்வது, எழுதியிருக்கும் கடைசி வரியை மட்டுமல்ல. எழுதாமல் விட்டவற்றுக்கு என்ன கதி என்பதும் அதில் அடங்கும். இந்த இடத்தில்தான் ஒரே பேச்சு வழக்கு இரண்டு வேறு நடத்தைகளை மறைக்கிறது. சீபயாஸ் என்று ஒரு திறந்த மூல நிரல் இருக்கிறது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு பழைய முறையில் பூட் செய்வதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறது, கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் போட்ட மெஷின்கள் பலவற்றிலும் இருக்கிறது. அதற்கு பூட் ஆர்டர் என்ற சிறிய கோப்பு ஒன்றில் சாதனங்களின் முகவரிகளை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். எழுதியவை முதலில் முயலப்படும். எழுதாதவை விலக்கப்படுவதில்லை, ஃபிளாப்பி, சிடி, ஹார்டு டிஸ்க் என்ற இயல்பு முறையில் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தக் கோப்பில் ஹால்ட் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் கதை மாறுகிறது. பெயர் சொன்னவை மட்டுமே முயலப்படும். பெயர் சொல்லாத எதையும் சீபயாஸ் தொடாது. கியூஎமுவில் கண்டிப்பான வரிசை வேண்டும் என்று கேட்டால் அது இந்தச் சொல்லைத்தான் கோப்பின் கடைசியில் சேர்க்கிறது. அதே கியூஎமுவில் புதிய முறையான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரைப் போட்டால், பட்டியலில் வராதவற்றில் சில வகைகளை அது அழித்துவிடும். பட்டியலில் சொல்லவே வழியில்லாத சிலவற்றை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளும். பயனர் கொடுத்த வரிசை ஒன்றே. மிச்சத்துக்கு நேர்வது வேறு வேறு. ஒரு மாற்றத்தைச் சரிபார்ப்பவர் கையிலிருக்கும் நாலு வரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அந்தப் பட்டியலை வாசிக்கும் ஃபங்ஷனைத் தேடி எடுத்து, அதன் கடைசி நிபந்தனையைப் படித்தாக வேண்டும்.

இதைவிடச் சின்ன உதாரணம் ஒன்று ராஸ்பெரி பை 4இல் இருக்கிறது. பள்ளி மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள், உள்ளங்கையளவு பலகை. அதன் பூட் வரிசை முழுவதும் ஒரே ஒரு பதினாறடிமான எண்ணில் அடங்கிவிடுகிறது: எஃப் 4 1. இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 என்றால் எஸ்டி கார்டு, 4 என்றால் யுஎஸ்பி டிஸ்க், எஃப் என்றால் திரும்ப முதலிலிருந்து தொடங்கு. 1ஐயும் 4ஐயும் இடம் மாற்றினால் யுஎஸ்பி முதலில் வந்துவிடும். இதைத்தான் எல்லோரும் மாற்றுவார்கள், எல்லோரும் கவனிப்பார்கள். நான் காட்ட விரும்புவது கடைசியாகப் படிக்கப்படும் எஃப். அந்த இடத்தில் இ என்று போட்டாலும் அது செல்லுபடியாகும் எண்தான். அதன் பொருள், முயன்றது போதும், பிழையைக் காட்டிவிட்டு நில். இனி மின்சாரத்தை எடுத்துக் கொடுத்தால்தான் அது எழும். மேசை மேல் சோதிக்கும்போது இரண்டு எண்ணும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், ஏனென்றால் முதல் முயற்சியிலேயே டிஸ்க் கிடைத்துவிடுகிறது. இப்போது அந்தப் பலகையை ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் நீர்மட்டம் அளக்க வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. பலகை எழுந்துவிட்டது, யுஎஸ்பி டிஸ்க் சுழன்று தயாராக இன்னும் சில விநாடி வேண்டும். எஃப் இருந்தால் இரண்டாவது சுற்றில் டிஸ்க்கைக் கண்டுகொள்ளும். இ இருந்தால், யாராவது பஸ் ஏறி வந்து ஒயரைப் பிடுங்கிச் செருகும்வரை அப்படியே நிற்கும். மாறியிருப்பது நான்கு பிட்டுக்குள் ஒரே ஒரு பிட். பேட்சைப் பார்ப்பவருக்கு இது எழுத்துப்பிழை திருத்தம் போலக்கூடத் தோன்றலாம்.

இவ்வளவு கவலை எதற்கு, வேண்டாதவர் செட்டப்பில் போய் மாற்றிக்கொள்ளலாமே என்பது அடிக்கடி வரும் மறுப்பு. எஃப்2வோ டெலிட்டோ அமுக்கினால் திறந்துகொள்கிறது, வரிசை பயனரின் கையில்தானே இருக்கிறது என்பார்கள். கையில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. செட்டப்பைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதியவர் வைத்த இயல்பு வரிசையே வாழ்நாள் வரிசை. அதோடு ஒரு பழைய சங்கதியும் உண்டு. 1984இல் ஐபிஎம் ஏடி வந்த நாள் முதல் இந்த அமைப்புகளை மின்கலத்தின் தயவில் இருக்கும் ஒரு சிறிய நினைவகத்தில்தான் வைத்திருந்தார்கள். இன்றும் பழைய டெஸ்க்டாப்புகளில் காலணா அளவில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி தவறும், நேரம் தவறும், கூடவே பூட் வரிசையும் பழையபடி இயல்புக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எஃப்1 அமுக்கச் சொல்லும் கணினி எந்த ஊரில் அதிகம் இருக்கும்? புது மெஷின் வாங்கும் ஊரிலா, பத்து வருஷமாக ஒரே மெஷினை வைத்து ஓட்டும் ஊரிலா? இயல்பு வரிசையில் செய்யும் ஒரு மாற்றம், அதை மாற்றிக்கொள்ளும் வசதி மிகக் குறைந்தவர்களைத்தான் முழுதாகப் போய்ச் சேர்கிறது. யூஇஎஃப்ஐ மெஷின்களில் வரிசை பெரும்பாலும் ஃபிளாஷ் சிப்பிலேயே பதிவாகிறது. பேட்டரிப் பிரச்சினை அங்கே குறைவு. ஆனால் செட்டப்பைத் திறக்காதவர்களின் எண்ணிக்கை அதனால் குறைந்துவிடவில்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. செக்யூர் பூட் வந்துவிட்டது, கையொப்பமில்லாத எதுவும் ஓடாது, பிறகு வரிசை எப்படி இருந்தால் என்ன? விண்டோஸ் 8 வந்த 2012 முதல் இது பரவலாகிவிட்டது உண்மை. ஆனால் கையொப்பம் சொல்வது இதை யார் வெளியிட்டார் என்பதைத்தான். இதைத்தான் நீ இன்று ஓட்ட விரும்பினாயா என்பதை அது சொல்லாது. 2020 ஜூலையில் க்ரப் என்ற பூட் லோடரில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளியானபோது சிக்கலே அதுதான். ஓட்டையுள்ள பழைய க்ரப்புகள் எல்லாம் முறையாகக் கையொப்பம் பெற்றவை. 2023இல் அலசப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல், மைக்ரோசாஃப்ட்டே கையொப்பமிட்ட பழைய பூட் மேனேஜர் ஒன்றைத் தானே கொண்டுவந்து வைத்து அதன் வழியாக உள்ளே நுழைந்தது. கையொப்பமிட்டவை பல இருக்கும்போது அவற்றுள் எது முதலில் ஓடும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குப் பதில் சொல்வது வரிசைதான். யூஇஎஃப்ஐயில் அந்த வரிசை எண்களின் ஒரு சரம். ஒவ்வோர் எண்ணும் ஒரு பதிவைக் காட்டும். பதிவில் ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருக்கும். பெயர் மனிதர் படிப்பதற்கு, முகவரி மெஷினுக்கு. இந்தச் சின்ன வேறுபாட்டைக் கோட்டைவிட்டதால் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் லெனோவோவின் திங்க்சென்டர் எம்92பி மாடலில் ஃபர்ம்வேர் அந்தப் பெயரைப் படித்து, விண்டோஸ் பூட் மேனேஜர் அல்லது ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று இருந்தால் மட்டுமே பூட் செய்தது. ஃபெடோரா லினக்ஸை நிறுவியவர்கள் திகைத்தார்கள். மேத்யூ காரெட் என்ற நிரலாளர் ஃபர்ம்வேரைத் தோண்டிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். சதி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. யாரோ சோதனைக்கு எழுதிய ஒப்பீடு அப்படியே கடைவரை வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்த இரண்டு பெயரும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சரிபார்ப்பவர் ஒருவர் கேட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

தானியங்கிச் சோதனை இதையெல்லாம் பிடித்துவிடும் என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். சோதனைக்கூடத்து மெய்நிகர் கணினியில் ஒரு டிஸ்க், ஒரு சிடி, எல்லாம் உடனே பதில் சொல்லும். நிஜ மெஷினில் காலியான கார்டு ரீடர், தூங்கி எழும் டிஸ்க், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன், பேர் தெரியாத கம்பெனியின் பென் டிரைவ் எல்லாம் இருக்கும். சோதனை வேண்டும், அது பட்டியலின் மேல்பாதிக்குத்தான் காவல். கீழ்ப்பாதிக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும் மனிதர் வேண்டும்.

இதற்கும் நம் அருப்புக்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்கள் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். அரசின் எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் வாங்கி அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தது. அவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்பது லினக்ஸ் பக்கத்து பூட் லோடர். விண்டோஸ் ஏதோ காரணத்தால் படுத்துவிட்டால் பையன் கடைக்கு எடுத்துப் போவான், அங்கே ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருவார்கள். புதிதாக ஏறும் விண்டோஸ், பழைய முறை டிஸ்க்காக இருந்தால் பூட் செக்டரைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். யூஇஎஃப்ஐயாக இருந்தால் வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். லினக்ஸும் சளைத்ததல்ல, நிறுவும்போது அதுவும் இதையே செய்கிறது. விளைவு, பாஸ் லினக்ஸின் பகுதியைத் தனியாக விட்டுவைத்த டிஸ்க்குகளில்கூட அது உள்ளேயே இருக்கும், போக வழி இருக்காது. அரசு இரண்டு வழி கொடுத்தது என்பது ஆணையில் உண்மை. முதல் வழி அடைபட்ட அன்று இரண்டாவது வழிக்கு யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை என்பதும் உண்மை. பாஸ் லினக்ஸை மாணவர்கள் விரும்பவில்லை, அதனால்தான் அழிந்தது என்பார்கள். விருப்பம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விண்டோஸ் கெட்ட வேளையில் தானாகவே லினக்ஸ் எழுந்து நின்றிருந்தால், அதை வைத்துக்கொண்டு மறுநாள் ரெக்கார்டு நோட்டை முடித்திருந்தால், அந்த விருப்பம் எப்படி இருந்திருக்கும் என்று சோதிக்கும் வாய்ப்பே வரவில்லை. சர்வீஸ் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு மெஷின் ஓட வேண்டும், பையனுக்குப் பரீட்சை. மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க ஒரு நாள் கூலி போகும்.

அப்படியானால் சரிபார்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? உலகில் ஃபர்ம்வேர் சரிபார்ப்பை வெளிப்படையாகச் செய்யும் இடங்களில் ஒன்று கோர்பூட். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் அது. 2008இல் பெயர் மாறியது. நூற்றுக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்துத் தூரத்திலிருந்து நிர்வகிக்க வேண்டிய இடத்துக்கு, கீபோர்டு இல்லை என்று நின்றுபோகும் சாதாரணப் பயாஸ் சரிப்படவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணி எழுதியது அது. கோர்பூட்டில் ஒருவர் எழுதிய மாற்றத்துக்கு அவரே முழு ஒப்புதல் கொடுத்துக்கொள்ளக் கூடாது; இன்னொருவர் படித்துக் கூட்டல் இரண்டு என்று மதிப்பிட வேண்டும்; சின்னத் திருத்தம் தவிர மற்றவை குறைந்தது 24 மணி நேரமாவது எல்லோர் பார்வையிலும் கிடக்க வேண்டும். நடைமுறை நல்லதுதான், ஆனால் நடைமுறையே கேள்வி கேட்காது. பூட் வரிசையைத் தொடும் மாற்றம் வந்தால், எந்தச் சாதனமும் கிடைக்காதபோது திரையில் என்ன வரும், மறுபடி முயலுமா நிற்குமா என்பதை மாற்றத்தோடு வரும் குறிப்பிலேயே எழுதித் தரும்படி கேட்பேன். ஏற்கெனவே பயனர் மாற்றிவைத்த வரிசையை இந்தப் புதிய பதிப்பு மதிக்குமா, மேலெழுதுமா என்றும் கேட்பேன். தூரத்து மெஷின்களில் புதிய வரிசையைச் சோதிக்க வேண்டுமானால் யூஇஎஃப்ஐயில் அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் என்று ஒரு பதிவு இருக்கிறது. ஃபர்ம்வேர் அதைப் படித்ததும் அழித்துவிடும், புதியது சொதப்பினால் அடுத்த தடவை பழைய வரிசைக்கே திரும்பிவிடும். அது கையில் இருக்கும்போது நிரந்தர வரிசையை எதற்குத் தொடுகிறீர்கள் என்று கேட்டு அந்த மாற்றத்தைத் திருப்பியே அனுப்பலாம்.

கடைசியாக ஒரு மறுப்பு. நாம் வாங்கும் லேப்டாப்புகளில் இருப்பது ஏஎம்ஐ, இன்சைட், ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் மூடிய ஃபர்ம்வேர். அதன் ஒரு வரியைக்கூட நமக்குக் காட்ட மாட்டார்கள், இங்கே உட்கார்ந்து சரிபார்ப்பைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? நிரலைப் படிக்க முடியாது என்பது சரி. ஆனால் நடத்தையைக் கேட்டு வாங்கலாம். ஒன்றிரண்டு வாங்குபவர் சொன்னால் கேட்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் அரசு டெண்டரில் எழுதினால் கேட்டே தீர வேண்டும். டெண்டரில் மெமரி எத்தனை, டிஸ்க் எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்று எழுதுகிறோம். அதில் இரண்டு வரி கூட்டலாம். முதல் இயங்குதளம் எழாவிட்டால் இரண்டாவது இயங்குதளம் தானாகவே எழ வேண்டும். இரண்டும் எழாவிட்டால் பென் டிரைவிலிருந்து மீட்க, கடவுச்சொல் எதுவும் இல்லாமல், தமிழில் எழுதிய ஒரு திரை வர வேண்டும். மாதிரி மெஷினை ஒப்படைக்கும் அன்று விண்டோஸ் பகுதியை அழித்துவிட்டுப் பொத்தானை அமுக்கிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பென் டிரைவைத் திறந்துவிட்டால் பாதுகாப்பு என்ன ஆகும் என்பார்கள். முதலில் டிஸ்க், கடைசியில்தான் பென் டிரைவ். மறந்துபோய்ச் செருகிவைத்த பென் டிரைவ் நல்ல மெஷினில் ஓடாது. டிஸ்க் செத்துப்போன மெஷினில் மட்டும் ஓடும். வேண்டுமென்றே லேப்டாப்பைத் திருடிக்கொண்டு போனவனைப் பூட் வரிசை எப்படியும் தடுக்கப்போவதில்லை. அவன் டிஸ்க்கையே கழற்றிக்கொள்வான். அதற்கு வழி டிஸ்க்கை மறையாக்கம் செய்வது. அதை இன்னொரு வரியாக எழுதலாம். எல்காட்டின் அடுத்த டெண்டர் வரைவு வரும்போது, கருத்துக் கேட்கும் நாளுக்குள், இந்தப் பகுதிக் கல்லூரிகளின் கணினித் துறைகள் இந்த வரிகளை எழுதி அனுப்பலாம்.